பழைய மென்பொருள், புதிய கணினி: வாசகர் கேள்வி – பதில்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. அதற்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பல ஒரே குறையைத்தான் சொல்கின்றன: புதுக் கணினி வாங்கியாயிற்று, பழைய வேலை அதில் ஓடவில்லை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம். ஆட்பெயர், கடைப்பெயர் எதையும் போடவில்லை.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் ஆலையின் நெல் கொள்வனவு, மூடைக் கணக்கு, கமக்காரருக்குக் கொடுத்த முற்பணம் எல்லாம் கறுப்புத் திரையில் ஓடும் ஒரு பழைய புரோகிராமில் இருக்கிறது. எழுதித் தந்தவர் இப்போது நாட்டில் இல்லை. விண்டோஸ் 7 கணினி தள்ளாடுகிறது. கோப்புறையை அப்படியே விண்டோஸ் 11க்குக் கொப்பி பண்ணினால் 'இது உங்கள் கணினியில் இயங்காது' என்று வருகிறது. கொம்பாட்டிபிலிட்டி மோட் போட்டும் சரிவரவில்லை. புதிதாக எழுதத்தான் வேண்டுமா?
– கணக்காளர், சம்மாந்துறை

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். இப்போதைக்குத் தேவையில்லை.

உங்களுடையது விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து வகைப் புரோகிராம், அதாவது 16-பிட். 1985இல் வந்த 80386 ப்ராசஸரிலிருந்து 'வேர்ச்சுவல் 8086' என்றொரு முறை ப்ராசஸருக்குள்ளேயே இருக்கிறது. 32-பிட் விண்டோஸ் அந்த முறையில் என்டிவிடிஎம் என்ற பகுதியை வைத்து டொஸ் புரோகிராம்களை ஓட்டியது. ப்ராசஸர் 64-பிட் முறையில் இயங்கும்போது அந்த வசதி கிடைக்காது. ஆகவே 64-பிட் விண்டோஸ் எதிலும் என்டிவிடிஎம் இல்லை. விண்டோஸ் 11க்கோ 32-பிட் பதிப்பே கிடையாது. உங்கள் விண்டோஸ் 7 32-பிட்டாக இருந்ததால்தான் இத்தனை காலம் ஓடியது. கொம்பாட்டிபிலிட்டி மோட் செய்வது பழைய விண்டோஸின் வெர்ஷன் எண்ணைக் காட்டுவதும், சில பழைய நடத்தைகளைத் திருப்பிக் கொடுப்பதும்தான். இல்லாத 16-பிட் பகுதியை அது கொண்டுவராது.

முதல் வேலை டேட்டா. பழைய கணினியில் கோப்புறையைத் திறந்து கோப்புகளின் வால்பெயரைப் பாருங்கள். டிபிஎஃப் என்ற டேட்டாக் கோப்புகளோடு என்டிஎக்ஸ் என்ற சுட்டிக் கோப்பு இருந்தால் அநேகமாகக் கிளிப்பர் என்ற மொழியில் எழுதியது. சிடிஎக்ஸ் அல்லது ஐடிஎக்ஸ் இருந்தால் ஃபொக்ஸ்ப்ரோ. டிபிஎஃப் எதுவானாலும் எக்ஸெல் போன்ற லிப்ரே ஒபிஸ் கல்க்கில் திறக்கும். ஆனால் குறிப்புகள் டிபிடி அல்லது எஃப்பிடி என்ற தனிக் கோப்பில் கிடக்கும். அதை விட்டுவிட்டு டிபிஎஃபை மட்டும் கொப்பி பண்ணினால் முற்பணத்துக்கு எதிரே எழுதிவைத்த விபரம் போய்விடும். கல்க்கில் திறந்த கோப்பை மறந்தும் அதே பெயரில் சேமிக்க வேண்டாம். புலத்தின் அகலம் மாறினால் புரோகிராம் அதை ஏற்காது. முழுக் கோப்புறையையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை ஆலைக்கு வெளியே வையுங்கள்.

இனி ஓட்டும் வழி. டொஸ் புரோகிராம்களைப் புது விண்டோஸுக்குள் ஓட்ட, பலரும் டொஸ்பொக்ஸ் என்ற மென்பொருளைச் சொல்வார்கள். அது விளையாட்டுகளுக்காக எழுதப்பட்டது. அச்சிடுவதிலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே கோப்பில் எழுதும்போது போடவேண்டிய பூட்டிலும் அதை நம்ப முடியாது. அலுவலக டொஸ் புரோகிராம்களுக்கென்றே வந்தது வீடொஸ். சி ட்ரைவில் எட்டு எழுத்துக்கு மேற்படாத பெயரில், இடைவெளி இல்லாமல், ஒரு கோப்புறை போட்டு டேட்டாவை அதில் வையுங்கள். பழைய புரோகிராம் எட்டுக்கு மேல் எழுத்தைப் பார்க்காது. வீடொஸ் தொடங்கும்போது படிக்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் அந்தக் கோப்புறையை எந்த ட்ரைவ் எழுத்தாகக் காட்டவேண்டும் என்று ஒரு வரி, புரோகிராமின் பெயர் ஒரு வரி, அவ்வளவுதான். முன்பு டி ட்ரைவில் ஓடியிருந்தால் இங்கேயும் டி என்றே காட்டுங்கள். முழுப் பாதையையும் உள்ளே எழுதிவைத்த புரோகிராம்கள் ஏராளம்.

அடுத்தது பிரிண்டர். வேலை மினக்கெடுவது பெரும்பாலும் இங்கேதான். புரோகிராம் நேரே எல்பிடி1 என்ற பழைய பிரிண்டர் துறைக்கு எழுத்தை அனுப்பும். புதுக் கணினியில் அந்தத் துறையே இல்லை. வீடொஸ் அதைப் பிடித்து விண்டோஸ் பிரிண்டருக்கு அனுப்பும். எப்சன் எல்கியூ-310, எல்எக்ஸ்-310 போன்ற டொட் மேட்ரிக்ஸ்களில் யூஎஸ்பி துறையும் இருப்பதால் பிரிண்டரை மாற்றத் தேவையில்லை. அந்தப் பிரிண்டருக்கு விண்டோஸில் ஏற்கனவே இருக்கும் 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி' ட்ரைவரை இன்னொரு பெயரில் போட்டுப் பாருங்கள். தடித்த எழுத்து, ஒடுக்கிய எழுத்துக்கான கட்டளைகள் அதனூடாகக் கலையாமல் போகும். ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் பின்னால் ஒரு வெற்றுத்தாள் தள்ளப்பட்டால், ட்ரைவரில் தாள் நீளம் ஏ4 என்று இருக்கிறதா என்று பார்த்து, தொடர்தாளுக்குரிய 11 அங்குலத்துக்கு மாற்றுங்கள்.

தராசடியிலும் கந்தோரிலும் இரண்டு கணினிகள் என்றால், டேட்டாவைப் பழைய விண்டோஸ் எக்ஸ்பி இயந்திரத்தில் விடாதீர்கள். எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறை. விண்டோஸ் 11 அதை இயல்பாக நிறுவுவதில்லை. 2017இல் வன்னாக்ரை என்ற தீநிரல் பரவியது அந்த வழியாகத்தான், ஆகவே 'ஒன் பண்ணி விடுங்கள்' என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். டேட்டாவைப் புதுக் கணினிக்கு மாற்றி, மற்றக் கணினி குறைந்தது விண்டோஸ் 7 ஆக இருக்கும்படி பாருங்கள்.

மின்சாரம் போய் வந்தபின் ஒரு கமக்காரரின் பெயர் பட்டியலில் இருந்தும் தேடினால் வராவிட்டால், டேட்டா போகவில்லை, தேடலுக்கான சுட்டிக் கோப்பு (என்டிஎக்ஸ், சிடிஎக்ஸ்) குழம்பியிருக்கிறது. மெனுவில் 'ரீஇன்டெக்ஸ்' இருந்தால் அதை ஓட்டுங்கள். சிடிஎக்ஸ் கோப்பைக் கையால் அழிக்க வேண்டாம். டிபிஎஃபின் தலைப்பகுதி அதைத் தேடும், இல்லாவிட்டால் திறக்க மறுக்கும். 'ரன்டைம் எரர் 200' என்று வந்தால் அது டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம்: வேகமான ப்ராசஸரில் நேரம் அளக்கும் கணக்கு பூச்சியத்தால் வகுக்கப் போய் விழுகிறது. அதற்கென்று ஒட்டு நிரல்கள் இருக்கின்றன.

இந்த மாற்றத்தைப் பெரும்போக நெல் உள்ளே வரும் தை, மாசி, பங்குனியில் தொடங்காதீர்கள். இடைக்காலத்தில் இரண்டு கிழமைக்குப் பழையதிலும் புதியதிலும் ஒரே பதிவைப் போட்டு, நாள்முடிவு மொத்தத்தை ஒப்பிட்டபின் மாறுங்கள்.

கேள்வி: எங்கள் புடவைக் கடை பில் புரோகிராம் விண்டோஸ் 11இல் நிறுவப்படுகிறது. திறந்தால் 'எம்எஸ்கொம்சிடிஎல் பதிவு செய்யப்படவில்லை' என்கிறது. பக்கத்துக் கடைத் தம்பி எதையோ செய்து திறந்துவிட்டார். இப்போது காலையில் இருக்கும் பிள்ளை போட்ட இருப்பு, மாலையில் வரும் பிள்ளைக்குத் தெரியவில்லை. இருவரும் ஒரே கணினியில் வேறு வேறு பெயரில் லொகின் ஆகிறார்கள்.
– கடை உரிமையாளர், கல்முனை

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள். இரண்டாவதுதான் ஆபத்தானது.

விசுவல் பேசிக் 6இல் எழுதிய 32-பிட் புரோகிராம் அது. அதன் அடிப்படை ரன்டைம் விண்டோஸ் 11 உடனேயே வருகிறது. எம்எஸ்கொம்சிடிஎல் போன்ற ஓசிஎக்ஸ் துணைக் கோப்புகள் வருவதில்லை. அவற்றை வைக்கவேண்டிய இடம் சிஸ்டம்32 அல்ல, சிஸ்வாவ்64. பெயரைப் பார்த்து எல்லோரும் தடுமாறுவது இங்கேதான்: 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32க்குள் இருப்பவை 64-பிட் கோப்புகள், 32-பிட் கோப்புகள் சிஸ்வாவ்64க்குள். பதிவுசெய்யும் ரெக்சர்வர் கட்டளையையும் சிஸ்வாவ்64க்குள் இருப்பதைக் கொண்டு, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பெட்டியில் ஓட்டவேண்டும். புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி தொடுப்பும் இப்படித்தான். கன்ட்ரோல் பனலில் 32-பிட் என்று போட்டிருப்பதில் அமைக்காவிட்டால் புரோகிராமின் கண்ணுக்கு அது தெரியாது.

இனி இருப்பு. புரோகிராம் 'ப்ரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் இருக்கிறது, அக்சஸ் டேட்டாபேஸும் அதே இடத்தில். விஸ்டாவிலிருந்து சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. எழுத முயன்றால் விண்டோஸ் பிழை காட்டாமல், அந்தப் பயனருக்கென்று வேர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவிடத்தில் ஒரு பிரதி எடுத்து அதில் எழுதவிடும். ஆகவே உங்கள் கடையில் இப்போது இரண்டு இருப்புக் கணக்குகள். ஒவ்வொருவரின் லொகினிலும் ஆப்டேட்டா, லோக்கல், வேர்ச்சுவல்ஸ்டோர் என்று போய், உள்ளே அக்சஸின் எம்டிபி கோப்பைத் தேடுங்கள். இரண்டையும் அசலையும் வேறு இடத்தில் கொப்பி எடுத்துவிட்டுத்தான் மற்ற வேலை. எந்தப் பிரதியில் பதிவு கூட என்று பார்த்து அதை மூலமாக வைத்து, மற்றதில் உள்ள பில்களைத் திரும்பப் பதிவு செய்வதே பாதுகாப்பு. பிறகு புரோகிராமை சி ட்ரைவில் தனிக் கோப்புறையில் நிறுவி, அதற்கு இரு பயனருக்கும் எழுதும் அனுமதி கொடுங்கள். வேர்ச்சுவல்ஸ்டோர் பிரதிகளை அழியுங்கள். 'எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டு' என்பது மேலோட்டமாக அதே பலனைத் தரும், ஆனால் காசாளரிடம் அட்மின் கடவுச்சொல்லைக் கொடுப்பது நல்லதல்ல.

கேட்காத ஒன்று: திகதி. புதிய விண்டோஸ் அமெரிக்க அமைப்பில் வந்திருந்தால் 03/04 என்பதை மார்ச் 4 என்று எடுக்கும். விசுவல் பேசிக் புரோகிராம்கள் பல அந்த அமைப்பையே நம்புகின்றன. நாள் 12க்கு மேற்பட்டால் சரியாகவும், குறைந்தால் மாறியும் பதிவாகும். அதனால் மாத முடிவுவரை யாருக்கும் பிடிபடாது. ரீஜன் அமைப்பில் நாள்/மாதம்/ஆண்டு என்று இன்றே மாற்றுங்கள்.

கேள்வி: கத்தாரிலிருந்து மச்சான் அனுப்பிய மடிக்கணினியில் விண்டோஸ் 11 இருக்கிறது, ஆனால் எங்கள் பழைய லேசர் பிரிண்டரின் ட்ரைவர் ஏறவே மறுக்கிறது. கணினி பழுதா?
– வாசகி, காத்தான்குடி

பதில்: பழுதில்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய் 'சிஸ்டம் டைப்' வரியைப் பாருங்கள். ஆர்ம் என்று இருந்தால் அது ஸ்னாப்டிராகன் வகை ப்ராசஸர். இன்டெல்லுக்கு எழுதிய சாதாரணப் புரோகிராம்களை விண்டோஸ் 11 அதில் மொழிபெயர்த்து ஓட்டும், 32-பிட் ஆனாலும் 64-பிட் ஆனாலும். ட்ரைவரை மட்டும் அப்படி ஓட்டாது, ஆர்முக்கென்றே எழுதியிருக்கவேண்டும். அந்த பிரிண்டரை வேறொரு சாதாரணக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். புது பிரிண்டர் வாங்குவதென்றால் வைஃபை வழியாகத் தனி ட்ரைவர் இல்லாமல் அச்சிடும் ஐபிபி வகையைக் கேட்டு வாங்குங்கள். கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வேர்ச்சுவல்பொக்ஸில் பழைய விண்டோஸ் எக்ஸ்பியைப் போட்டு ட்ரைவரை ஏற்றும் யோசனையும் இதில் சரிவராது.

கேள்வி: எங்கள் அச்சகத்தில் 1990களின் கடைசியிலிருந்து பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள், கல்வெட்டுகள் (இறந்தோர் நினைவு மலர்கள்) எல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. புதுக் கணினி, பக்க வடிவமைப்புக்குப் புது இன்டிசைன். பழைய கோப்பு திறக்கவில்லை. திறக்கவைத்தாலும் யூனிகோடுக்கு மாற்றினால் எழுத்துப்பிழை மலிகிறது.
– அச்சக வடிவமைப்பாளர், மட்டக்களப்பு

பதில்: உங்களுக்கு மூன்று கதவுகள் மூடியிருக்கின்றன: கோப்பு வகை, எழுத்துரு வகை, எழுத்தின் குறியீடு. மூன்றையும் தனித்தனியாகத் திறக்கவேண்டும்.

கோப்பு வகை: பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7. அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் திறக்கும், அதற்குப் பிறகு வந்தவை திறப்பதில்லை. எங்காவது சிஎஸ்6 உரிமத்தோடு ஒரு கணினி இருந்தால் அதில் திறந்து ஐடிஎம்எல் வடிவில் சேமித்தால் இன்றைய இன்டிசைன் எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் லிப்ரே ஒபிஸ் ட்ரோவில் திறந்துபாருங்கள். பக்க அமைப்பு அங்கிங்கு நகரும், எழுத்து கிடைக்கும். மிகச் சுத்தமான வழி, வேர்ச்சுவல்பொக்ஸில் 32-பிட் எக்ஸ்பி ஒன்றை உரிமத்தோடு நிறுவி, அதில் உங்கள் பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக்களையும் போடுவது. அந்த எக்ஸ்பிக்கு இணையத் தொடர்பு கொடுக்கவேண்டாம். பகிர் கோப்புறை ஒன்று போதும். மலர் மறுபதிப்பு மட்டும்தான் வேண்டுமென்றால் அங்கேயே பிடிஎஃப் ஆக்கி எடுத்துவிடுங்கள். யூனிகோடு பக்கமே போகத் தேவையில்லை. எல்லாவற்றையும் மாற்றியே தீருவேன் என்று நிற்பவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: திரும்ப எடிட் செய்யப்போகும் கோப்புகளை மட்டும் மாற்றுங்கள்.

எழுத்துரு வகை: பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று இரட்டையாக இருப்பவை டைப் 1. அடொபி 2023 ஜனவரியுடன் தன் மென்பொருள்களில் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. டிடிஎஃப் என்று இருப்பவை இன்னும் வேலைசெய்யும். உங்கள் பாமினி டிடிஎஃபாக இருந்தால் அந்தக் கவலை இல்லை. அதோடு சேர்த்துப் பாவித்த தலைப்பு எழுத்துருக்களைத்தான் பார்க்கவேண்டும்.

குறியீடு: பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருக்கிறது. கணினிக்கு அது ஆங்கிலம்தான். பிழைகள் வரும் இடங்களும் அதனாலேயே தெரிந்தவை. வீதக் குறியின் இடத்தில் 'மூ', டொலர் குறியின் இடத்தில் 'கூ', ஹேஷ் குறியின் இடத்தில் 'சூ' இருக்கின்றன. ஆகவே எழுத்துரு மாற்றாமல் அடித்த 18 வீதம் '18மூ' ஆகும். இடையில் ஆங்கில எழுத்துருவில் போட்ட மின்னஞ்சல், பெயர், பட்டங்கள் எல்லாம் யூனிகோடு மாற்றி மென்பொருளில் தமிழ்க் குப்பையாக வரும். அதைத் தடுக்க, மாற்றுவதற்கு முன் ஆர்டிஎஃப் ஆக எடுத்து, பாமினியில் உள்ளதை மட்டும் எழுத்துரு வாரியாகத் தேடிப் பிரியுங்கள். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவைக் குறிப்பிட்டுத் தேடலாம்.

இன்னொன்று வரிசை. பாமினியில் 'கெ' என்பதற்குக் கொம்பை முதலில் அடித்துக் ககரத்தைப் பின்னால் அடிப்பீர்கள். யூனிகோடில் ககரம் முன், கொம்பு பின். நல்ல மாற்றி இதைத் திருப்பிவிடும். ஆனால் கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் வரி உடைந்தோ இடைவெளி விழுந்தோ இருந்தால் தனிக் கொம்பு தொங்கி நிற்கும். அழகுக்காகப் பேஜ்மேக்கரில் கையால் வரி உடைத்த இடங்கள் இப்படித்தான் கெடும். 'ள'கரமும் ஔகாரக் குறியின் பின்பாதியும், ரகரமும் காலும் மாறிக்கிடப்பதையும் ஒருமுறை தேடுங்கள். பழைய தட்டச்சாளர்கள் உருவம் ஒத்திருந்தால் எதையும் அடித்திருப்பார்கள்.

கடைசியாக இன்டிசைனில் ஒட்டியதும் கொம்புகள் இடம்மாறித் தெரிந்தால் மாற்றியைத் திட்டவேண்டாம். பராகிராஃப் அமைப்பில் 'வேர்ல்ட் ரெடி' கொம்போசரைத் தெரிவுசெய்யாமல் விட்டிருப்பீர்கள். விண்டோஸின் ரீஜன் அமைப்பில் 'யூடிஎஃப்-8 பீட்டா' என்ற பெட்டியில் சரி போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். யூனிகோடுக்கு முந்திய புரோகிராம்களைக் குழப்பும்.

கேள்வி: திருமண வீடியோ எடிட்டிங்குக்கு எம்1 மெக்புக். இன்டெல் காலத்து பிளக்-இன்கள், இன்டெல் புரோகிராம்களை அப்பிள் சிப்பில் மொழிபெயர்த்து ஓட்டும் ரொசெட்டாவில் ஓடுகின்றன. அது நிற்கப்போகிறதாமே?
– கல்லடி வாசகர்

பதில்: ஆம். மெக்ஓஎஸ் 27 வரை ரொசெட்டா முழுமையாக இருக்கும், அதற்குப் பிறகு சில பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் என்று அப்பிள் 2025 ஜூனில் அறிவித்தது. இது அவர்களுக்குப் பழக்கம்: பவர்பீசி புரோகிராம்களுக்கான முதல் ரொசெட்டாவை 2011இல் லயனில் எடுத்தார்கள், 32-பிட் புரோகிராம்களை 2019இல் கட்டலீனாவில் எடுத்தார்கள். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் 'கைண்ட்' என்ற செங்குத்து வரிசையைப் பாருங்கள். இன்டெல் என்று இருப்பவைதான் உங்கள் வேலைப் பட்டியல். பிளக்-இன் இன்டெல் என்றால் எடிட்டரையே ரொசெட்டாவில் திறந்தால்தான் அது தெரியும், அதனால் ரெண்டரும் மெதுவாகும். மாற்றுப் பிளக்-இன் கிடைக்காதவற்றின் பலனை ப்ரோரெஸ் வீடியோக் கோப்பாக இப்போதே ரெண்டர் செய்து வையுங்கள்.

கேள்வி: இரத்தப் பரிசோதனை இயந்திரத்தோடு எக்ஸ்பி கணினி ஒன்று. சீரியல் வயர், பின்னால் பேரலல் துறையில் ஒரு டொங்கிள் (மென்பொருளின் உரிமத்தைக் காட்டும் சாவி). புதுக் கணினிக்கு மாற்றலாமா?
– தனியார் ஆய்வுகூடம், அக்கரைப்பற்று

பதில்: மாற்றாதீர்கள், பாதுகாத்துக்கொள்ளுங்கள். 32-பிட் ட்ரைவர் 64-பிட் விண்டோஸில் ஏறாது. யூஎஸ்பி–பேரலல் வயர் டொங்கிளுக்கு உதவாது; அது விண்டோஸுக்கு ஒரு பிரிண்டராகத்தான் தெரியும், டொங்கிள் தேடும் துறை முகவரி அதில் இல்லை.

செய்யவேண்டியது: க்ளோன்சில்லாவால் முழு டிஸ்க்கையும் பிரதியெடுத்து, அந்தப் பிரதியிலிருந்து கணினி உண்மையில் பூட் ஆகிறதா என்று பாருங்கள். பார்க்காத பிரதி பிரதியே அல்ல. போர்டிலுள்ள சிஆர்2032 பட்டரியை மாற்றுங்கள். அது தீர்ந்தால் திகதி பின்னோக்கிப் போய் முடிவுத்தாளில் தவறான நாள் அச்சாகும். மாற்றுவதற்கு முன் பயோஸ் அமைப்புகளைப் படம் எடுத்து வையுங்கள். பேரலல் துறையின் முகவரியும் டிஸ்க் முறையும் முக்கியம். கடற்கரைப் பக்கத்து உப்புக் காற்றில் துறைகளின் பின்கள் பச்சை பிடிக்கும், அதையும் துடையுங்கள். இணையத்தை அடியோடு கழற்றிவிடுங்கள்.

டொங்கிள் இல்லாமல் சீரியல் மட்டும் உள்ள வேறு கருவிகளைப் புதுக் கணினிக்கு எடுக்கலாம். எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றியை வாங்குங்கள். மலிவு மாற்றிகளில் உள்ள பழைய ப்ரொலிஃபிக் சிப்களையும் அவற்றின் போலிகளையும் விண்டோஸ் 11 ட்ரைவர் ஏற்க மறுக்கும். ஏறியபின் டிவைஸ் மேனேஜரில் அதன் கொம் (COM) துறை எண்ணை 1 முதல் 4க்குள் மாற்றுங்கள். பழைய புரோகிராம்களின் தெரிவுப் பட்டியல் பெரும்பாலும் அதற்கு மேல் போகாது.

கேள்வி: பழைய அன்ட்ரொய்ட் போனில் இருந்த ஒரு ஏபிகேயை, அதாவது செயலியின் நிறுவல் கோப்பைப் புதுப் போனுக்கு அனுப்பினால் நிறுவ மறுக்கிறது.
– மாணவர், ஒலுவில்

பதில்: அன்ட்ரொய்ட் 14, ஏபிஐ என்ற அன்ட்ரொய்ட் பதிப்பு எண்ணில் 23க்குக் குறைந்ததை இலக்காக வைத்த செயலிகளைப் புதிதாக நிறுவ விடாது, 15இல் அந்த எல்லை 24. கணினியிலிருந்து ஏடிபி என்ற கட்டளைக் கருவி மூலம் நிறுவும்போது இந்தத் தடையைத் தாண்டும் தெரிவு ஒன்று இருக்கிறது. அதிலும் நிறுவப்படாவிட்டால் போனின் ப்ராசஸரைப் பாருங்கள். 2022இல் வந்த பிக்சல் 7 முதல் 64-பிட் செயலிகளை மட்டும் ஏற்கும் போன்கள் வருகின்றன. ஏபிகேயை ஸிப் (zip) கோப்பாகத் திறந்து 'லிப்' கோப்புறைக்குள் பாருங்கள்: ஆர்ம்64 என்ற பிரிவு இல்லாமல் ஆர்ம்இஏபிஐ மட்டும் இருந்தால் அந்தப் போனில் அது ஓடாது. 'லிப்' கோப்புறையே இல்லையென்றால் கோளாறு வேறெங்கோ. பிழைச் செய்தியை முழுதாக எழுதி அனுப்புங்கள்.